மிதிவண்டியில் சென்று நம் ஊரை அறிவோம்



சென்ற தவணையில் ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நம் ஊரைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. "தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குச் சென்றிருப்பவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றேன். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. "நம் பள்ளியிலிருந்து அங்குச் செல்லும் வழியைக் கூற வல்லவர் யார்?" என்று அடுத்துக் கேட்டேன். உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. இறுதியில் ஒரே ஒரு கை மட்டும் நின்றது. அந்த மாணவனை அவன் தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிவண்டியில் அங்கு அழைத்துச் செல்வது வழக்கமாம். எந்தச் சந்திப்பில் திரும்ப வேண்டும், எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பது வரையில் அவன் ஒன்றுவிடாமல் சொன்னான்.

மற்றப் பிள்ளைகளும் அதே வழியாகத்தான் சென்றிருந்தார்கள். ஆயினும் அவர்கள் மகிழுந்தின் பின்னிருக்கையில் அமர்ந்து, கைப்பேசியைப் பார்த்தபடியே சென்று, பார்த்தபடியே திரும்பியிருந்தார்கள். வழி அவர்களுக்குத் தெரியாமலே கடந்து போயிற்று.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "ஐயா, சாலையில் லோரிகள் மிகுந்துவிட்டன. பையனின் சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டேன்" என்று பெற்றோர் சிலர் என்னிடம் கூறினர். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. ஆனால், பூட்டி வைத்த பின் நடப்பது என்ன? பையன் அண்டை வீட்டு நண்பனின் வண்டியை இரவல் வாங்குகிறான். அதில் பிரேக் இருக்கிறதா என்று அவன் பார்ப்பதில்லை. அப்பாவின் கண்ணில் படாதிருக்க மாலை இருட்டும் நேரத்தில் புறப்படுகிறான். எனவே, பூட்டு ஒன்றே இதற்குப் பரிகாரம் ஆகாது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாருடன் ஓட்டுவது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே பரிகாரம். அதுவே இந்தப் பாடத்தின் நோக்கம்.

சக்கரமும் நம் ரப்பர் மரமும்

மிதிவண்டி ஒரே நாளில் தோன்றியதன்று. 1817ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரண்டு மரச் சக்கரங்களைக் கொண்ட வண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிகட்டை இல்லை. அதன்மேல் அமர்ந்து, கால்களால் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். பிறகு பலர் பலவாறு மாற்றி அமைத்தனர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியைச் செய்தார். இன்று நீங்கள் ஓட்டும் வண்டியும் அந்த அமைப்பையே கொண்டது.

அக்கால வண்டிகள் ஓடும்போது உடல் முழுவதும் குலுங்கும். 1880களின் பிற்பகுதியில் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பாய்ட் டன்லப் என்பவர், தம் மகனின் சிறிய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரப்பர் டயரை அமைத்தார். அந்தச் சிறுவன் குலுக்கமின்றி ஓட்டினான். அதன்பின் உலகெங்கும் மிதிவண்டிகள் பெருகின. பின்னர் மோட்டார் வண்டிகளும் பெருகின. அவை எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டியிருந்தது.

இங்கேதான் நம் கதை தொடங்குகிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் மாநகரின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவில் வணிக நோக்குடன் முதன்முதலில் ரப்பர் பயிரிட்டவர் யார் தெரியுமா? நம் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்பவர்தான். 1896ஆம் ஆண்டில் நம் மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் அவர் அத்தோட்டத்தை அமைத்தார். அதனைத் தொடர்ந்து நாடெங்கும் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் பால் வெட்ட நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர்.

ஆகவே, பிள்ளைகளே, உங்கள் வண்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். டயரின் வரவு தோட்டத்தை வளர்த்தது. தோட்டம் உங்கள் பாட்டனையும் பாட்டியையும் இங்கு வரவழைத்தது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர்கள் வெட்டிய பால், யார் யாருடைய சக்கரத்திலோ உருண்டது. அவர்களிற் பலருக்குச் சொந்தமாக ஒரு மிதிவண்டி வாங்கப் பல ஆண்டுகள் ஆயின. வாங்கிய பின்னர், பால் வாளிகளை இரு புறமும் தொங்கவிட்டு, பால் கொட்டகைக்கு அதிலேயே கொண்டு சென்றனர். அப்படி வந்த வண்டி அது. அதை அலட்சியமாக ஓட்டுவதும் தகாது. ஓட்டாமலே துருப்பிடிக்க விடுவதும் தகாது.

எங்கே ஓட்டலாம்?

நீச்சல் பழகுபவன் முதல் நாளே கடலில் குதிப்பதில்லை. மிதிவண்டிக்கும் அவ்வாறே படிகள் உண்டு.

முதற்படி, பள்ளித் திடலும் கோயில் மைதானமும். முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு இவையே போதும். விழுந்தால் புல் தாங்கும். நேராக ஓட்டுதல், வட்டமாக ஓட்டுதல், ஒரு கையைத் தூக்கிச் சைகை காட்டியபடி ஓட்டுதல், சொன்ன கோட்டில் நிறுத்துதல் ஆகிய நான்கையும் இங்கே பழக வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது பெரியவர்களின் உயரமான வண்டியில்தான் பழகினேன். இருக்கை எட்டாது. சட்டத்தின் இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, வண்டியோடு சேர்ந்து சாய்ந்தபடி ஓட்டுவோம். இன்று உங்கள் உயரத்துக்கேற்ற வண்டிகள் கிடைக்கின்றன. அமர்ந்தபடியே இரு பாதங்களின் நுனியும் தரையைத் தொடும் வண்டியே உங்களுக்குப் பொருத்தமானது.

இரண்டாம் படி, தோட்டத்துச் செம்மண் சாலைகளும் தாமான்களின் உட்சாலைகளும். செம்பனைத் தோட்டத்தினுள் ஓட்டுவதற்கு முன் தோட்ட அலுவலகத்தின் அனுமதியைப் பெரியவர்கள் பெற்றிருக்க வேண்டும். குலை வெட்டும் நாளில் உள்ளே செல்லலாகாது. டிராக்டரும் லோரியும் குறுகிய வளைவுகளில் திடீரென எதிர்ப்படும். வெட்டிப் போட்ட மட்டைகளில் முள் உண்டு. டயரைக் குத்தும், காலையும் குத்தும். மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும். பாம்பும் உண்டு. ஆகவே, தனியே செல்லாமல் மூவராகச் செல்லுங்கள். ஒருவனுக்கு அடிபட்டால் ஒருவன் துணையிருக்க, மற்றவன் உதவி தேடி ஓடலாம்.

தஞ்சோங் மின்யாக் பக்கத்துத் தாமான்களிலும் நம் ஊர்த் தாமான்களிலும் உட்சாலைகள் தாரிட்டவை, மேடுபள்ளம் குறைவு. அங்கே ஆபத்து வேறு வகையானது. வீட்டு வாயிலிலிருந்து பின்னோக்கி வரும் மகிழுந்தின் ஓட்டுநருக்குச் சிறு பிள்ளை தெரிவதில்லை. நிற்கும் மகிழுந்தின் கதவு திடீரெனத் திறக்கும். ஆகவே, நிற்கும் வண்டிகளை விட்டுக் குறைந்தது ஒரு கதவின் அகலம் விலகியே ஓட்ட வேண்டும்.

மூன்றாம் படி, கடற்கரை. ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பெரியவர் ஒருவருடன் ஞாயிற்றுக்கிழமை காலையில் தஞ்சோங் கிளிங்குக்கும் பந்தாய் குண்டோருக்கும் சென்று வரலாம். நம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுதான். கடலை அடைந்ததும் வண்டியை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். எதிரே தெரிவது மலாக்கா நீரிணை. உலகத்தில் கப்பல் போக்குவரத்து மிகுந்த கடல்வழிகளுள் அதுவும் ஒன்று. வரிசையாகச் செல்லும் கப்பல்களை எண்ணிப் பாருங்கள்.

தஞ்சோங் கிளிங் என்ற பெயரிலேயே வரலாறு இருக்கிறது. தஞ்சோங் என்றால் நிலமுனை. கிளிங் என்ற சொல் பழங்கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பர் அறிஞர். இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த வணிகரை அக்காலத்தில் இப்பெயரால் குறித்தனர். பிற்காலத்தில் அச்சொல்லை இழிவாகப் பயன்படுத்துவோர் தோன்றினர். அதைக் கேட்டு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. மலாக்கா பெருந்துறைமுகமாக விளங்கிய 15ஆம் நூற்றாண்டிலேயே நம்மவர் இங்குத் துணியும் பிற பொருள்களும் கொண்டுவந்து விற்ற பெருவணிகராக இருந்தனர் என்பதை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. வீரர் ஹங் துவாவினுடையது எனப் போற்றப்படும் கல்லறையும் அவ்வூரில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரும் அவ்வாறே பொருள் உடையது. புக்கிட் என்றால் குன்று. ரம்பாய் என்பது மஞ்சள் கலந்த பழுப்புத் தோலுடன், சரம் சரமாகத் தொங்கும் பழம். ஓட்டிச் செல்லும் வழியில் ரம்பாய் மரம் எங்கேனும் இன்னும் நிற்கிறதா என்று தேடிப் பாருங்கள். கண்டவர்கள் எனக்கு வந்து சொல்லுங்கள்.

கடற்கரைச் சாலையில் காற்றடித்த மணல் படிந்திருக்கும். அதன்மேல் பிரேக்கைத் திடீரெனப் பிடித்தால் சக்கரம் சறுக்கும். வீடு திரும்பியதும் வண்டியை நல்ல நீரால் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். உப்பு நீர் இரும்புக்குப் பகை.

தென்கிழக்கே கிளேபாங் இருக்கிறது. நம் கடற்படையினர் பயிற்சி பெற்ற பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைக் கரையேற்றி அங்கே காட்சிப்பொருளாக்கினர். மாலையிலும் விடுமுறை நாள்களிலும் அங்கு வாகனங்கள் நெருக்கும். செல்வதானால் காலையில் செல்லுங்கள். வடமேற்கே சுங்கை ஊடாங்கில் தாழ்நிலக் காடு ஒன்று பொழுதுபோக்கு வனமாகப் பேணப்பட்டு வருகிறது. காட்டு வாயிலில் வண்டியைப் பூட்டிவிட்டு, உள்ளே நடந்து செல்வதே நலம். ரப்பரும் செம்பனையும் வருவதற்கு முன் நம் குன்றுகளில் எத்தகைய மரங்கள் நின்றிருக்கும் என்பதை அங்கே ஓரளவு காணலாம்.

நான்காம் படி, மலாக்கா நகரம். பத்துக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி, நெரிசலும் மிகுதி. ஆதலின், மிதிவண்டிகளை வேனில் ஏற்றிச் சென்று, ஞாயிறு காலையில் நகருக்குள் மட்டும் ஓட்டுவது சிறந்த முறை. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு உள்ளது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டில் மலாய் மொழி பேசினாலும் சைவ வழிபாட்டை விடாது காத்து வருகின்றனர். அச்சமூகத்தார் 1781ஆம் ஆண்டில் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் துக்காங் எமாஸ் சாலையில் இருக்கிறது. அதே சாலையில் பள்ளிவாசலும், சிறிது தூரத்தில் சீனர் கோயிலும் இருப்பதைக் காண்பீர்கள். மிதிவண்டியில் சென்றால் சில நிமிடங்களில் மூன்று சமயத்தாரின் வழிபாட்டிடங்களையும் கடந்துவிடலாம். 2008ஆம் ஆண்டில் மலாக்கா உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டதற்கு இத்தகைய தெருக்களும் ஒரு காரணம்.

எங்கே ஓட்டலாகாது?

நம் ஊரில் தொழிற்பேட்டை இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. அதனால் நமக்கு நன்மை உண்டு. ஆனால் வேலை நாள்களில் அந்தச் சாலைகள் லோரிகளுக்கும் தொழிலாளர் பேருந்துகளுக்கும் உரியவை. சிறுவர் அங்கே ஓட்டலாகாது. சுங்கை ஊடாங்கிலிருந்து பாயா ரும்புட் வழியாக ஆயர் குரோ செல்லும் பெருஞ்சாலையும், மலாக்காவிலிருந்து கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையும் சிறுவர் தனியே ஓட்டத்தக்கவை அல்ல. கடற்கரைக்குச் செல்லும் வழியில் ஐந்தாம் எண் சாலையைக் கடக்க நேர்ந்தால், இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, பெரியவருடன் கடக்க வேண்டும். வடக்கு தெற்கு விரைவுச்சாலையில் மிதிவண்டி ஓட்டுவது சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டுள்ளது.

இதில் கண்டிப்பு ஏன் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லோரி ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்கும். அப்படியானால் 100 மீட்டரைக் கடக்க 6 விநாடி போதும். சாலையின் அகலம் 7 மீட்டர் என்று கொள்வோம். மிதிவண்டியைத் தள்ளிச் செல்லும் சிறுவன் விநாடிக்கு ஒரு மீட்டர் நடப்பான். சாலையைக் கடக்க அவனுக்கு 7 விநாடி வேண்டும். 100 மீட்டர் என்பது நம் ஓட்டப் பந்தயத் தூரம். "லோரி அவ்வளவு தூரத்தில்தானே வருகிறது" என்று எண்ணிக் காலெடுத்து வைத்தவன், மறுகரையை அடையுமுன் லோரி வந்துவிடும். ஆகவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வாகனமே இல்லாதபோதுதான் கடக்க வேண்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பெரிய லோரியின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்பவரை அதன் ஓட்டுநர் காண்பது அரிது. சமிக்ஞை விளக்கருகே லோரி நின்றிருந்தால், அதன் இடப்புறமாக நுழைந்து முன்னே செல்ல முயலாதீர்கள். அது இடப்பக்கம் திரும்பினால் உங்களுக்கு ஒதுங்க இடமிராது. பின்னாலேயே நில்லுங்கள்.

என் கையில் உள்ள வடு

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. இரண்டாம் படிவத்தில் பயின்றபோது, எங்கள் தோட்டத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த இடைநிலைப் பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றுவந்தேன். பால் வெட்டுத் தொழிலாளியான என் தந்தை மாதத் தவணையில் வாங்கித் தந்த பழைய வண்டி அது. பிற்பகல் பள்ளி முடிந்து ஒரு நாள் திரும்பும்போது மழை, இருட்டிவிட்டது. என் வண்டியில் விளக்கு இல்லை. பின்னால் வந்த லோரி ஒலியெழுப்பியதும் பதறிப்போய் ஒதுங்கினேன். ஈரத்தில் சக்கரம் சறுக்கிச் சாலையோரக் கால்வாயில் விழுந்தேன். இடக்கை எலும்பு முறிந்தது. அந்த ஓட்டுநர் என்னைப் பார்த்திருக்கவே மாட்டார்.

"அந்தச் சைக்கிளை விற்றுவிடுங்கள்" என்று அம்மா அழுதார். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சைக்கிள்மேல் குற்றமில்லை. விளக்கில்லாமல் பிள்ளையை அனுப்பியது என் குற்றம்" என்றார். கட்டுப் பிரித்து நான் மறுபடியும் ஏறியபோது, முன்னே டைனமோ விளக்கும் பின்னே சிவப்புக் கண்ணாடியும் வண்டியில் இருந்தன. அதன் பிறகு ஒரு மாதம் வரை, காலையெல்லாம் உழைத்த களைப்போடு, மாலையில் இரவல் வண்டியில் பள்ளி வாயிலுக்கு வந்து நின்று, என் பின்னாலேயே வீடுவரை ஓட்டி வந்தார். அன்று அவர் வண்டியை விற்றிருந்தால் என் படிப்பு அவ்வளவில் நின்றிருக்கும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் நான் சென்றிருக்க மாட்டேன். இந்தக் கட்டுரையை எழுதவும் இருந்திருக்க மாட்டேன்.

வேகத்துக்கு உரிய இடம்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், பொழுது விடியுமுன், ஜொகூர் பாருவில் சாலையில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்த பதின்ம வயதுச் சிறுவர்மீது மகிழுந்து மோதியது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். பிரேக்கைக் கழற்றி, உடலைத் தாழ்த்தி வேகமாகச் செல்வதற்கென்று மாற்றியமைத்த "லாஜாக்" வண்டிகளின் ஆபத்தை அன்று நாடே பேசியது. அந்த எட்டுப் பிள்ளைகளும் உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். அவர்களைப் பழிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. நள்ளிரவுச் சாலை பிள்ளைகளுக்கு உரிய இடமன்று என்பதை நீங்கள் மறவாதிருக்கவே எழுதுகிறேன்.

வேகமாக ஓட்டும் ஆசை தவறன்று. அதற்கும் ஓர் இடம் உண்டு. திரங்கானு மாநிலத்தின் டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங், 2016இல் ரியோ ஒலிம்பிக் போட்டியில் வெண்கலமும், 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக் போட்டியில் வெள்ளியும் வென்றார். 2017இல் உலக வெற்றியாளரும் ஆனார். அவர் வேகம் காட்டியது மிதிவண்டி ஓட்டத்துக்கெனவே கட்டப்பட்ட அரங்கத்தில். அத்தகைய தேசிய அரங்கம் நம் அண்டை மாநிலமான நெகிரி செம்பிலானில், நீலாயில் இருக்கிறது. ஆர்வமுள்ள மாணவர்கள் ஒருமுறை சென்று பார்த்து வரலாம்.

பெண்பிள்ளைகளும் ஓட்டட்டும்

நம் பள்ளியில் மிதிவண்டி ஓட்டத் தெரிந்த மாணவியர் மாணவரைவிடக் குறைவு. "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்று கேட்கும் வீடுகள் இன்னும் உள்ளன. அவர்களுக்குத் தமிழகத்துப் புதுக்கோட்டையின் கதையைச் சொல்வேன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் என்னும் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்னும் அம்மையார். எழுதப் படிக்கக் கற்பதோடு மிதிவண்டி ஓட்டக் கற்பதும் அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாயிற்று. வயலில் உழைப்பவர்களும் கல்லுடைக்கும் தொழிலாளிகளுமான கிராமத்துப் பெண்கள் திடல்களில் விழுந்தெழுந்து பழகினர். கேலி பேசியவர்களும் இருந்தனர். பெண்கள் விடவில்லை. அவ்வாறு கற்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பர். தண்ணீர் கொண்டுவரவும், சந்தைக்குப் பொருள் எடுத்துச் செல்லவும், பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் பிறருக்காகக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு மாறிற்று. அந்தத் தாய்மார்கள் கற்ற ஒன்றை நம் மகள்கள் கற்கலாகாதா?

உங்கள் சக்கரம் ஓர் அளவுகோல்

மிதிவண்டியால் கணக்கும் பயிலலாம். 26 அங்குலச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 66 சென்டிமீட்டர். விட்டத்தை 22/7ஆல் பெருக்கினால் சுற்றளவு கிடைக்கும். அது ஏறத்தாழ 207 சென்டிமீட்டர். அதாவது, சக்கரம் ஒரு முறை சுழன்றால் வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் நகர்கிறது.

இனி மிதிகட்டையைப் பாருங்கள். முன்னுள்ள பற்சக்கரத்தில் 44 பற்களும் பின்னுள்ளதில் 18 பற்களும் இருந்தால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுழலும். வண்டி ஐந்து மீட்டர் நகரும். இருநூறு சுற்று மிதித்தால் ஒரு கிலோமீட்டர்! உங்கள் வண்டியின் பற்களை எண்ணி, உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு வீட்டுக்கும் கோயிலுக்கும் இடையே எத்தனை மிதி என்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவன் ஐந்து கிலோமீட்டரை 25 நிமிடங்களில் அடைவான். எத்தனை மணிக்குப் புறப்பட்டால் எப்போது வீடு சேரலாம் என்பதை இனி நீங்களே அம்மாவிடம் கணக்கோடு சொல்லலாம்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் காற்றடியுங்கள். இரண்டு பிரேக்குகளையும் பிடித்தபடி வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் அன்று ஓட்டாதீர்கள். மழையில் நனைந்த பிரேக் உடனே பிடிக்காது என்பதால் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளேயே நான்கு மீட்டர் கடந்துவிடுவான்.

தலைக்கவசம் அணியுங்கள். வெளிர் நிறச் சட்டை உடுத்துங்கள். முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இருக்கட்டும். எப்போதும் சாலையின் இடப்பக்கமே செல்லுங்கள். இருவர் அருகருகே செல்லாமல் ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். வாகனத்தின் ஒலி உங்களுக்குக் கேட்க வேண்டும். காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்து முதல் ஆறரை வரையிலும் ஏற்ற நேரம். பிற்பகலில் வானம் கறுத்து இடி முழங்கினால் உடனே கட்டடம் ஒன்றினுள் ஒதுங்குங்கள், மரத்தடியில் நிற்காதீர்கள்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோர்களே! உங்கள் உழைப்பும் களைப்பும் நான் அறியாதவை அல்ல. ஆயினும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரத்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள். சொந்த வண்டி இல்லையேல் இரவல் வாங்கியேனும் அவன் பின்னால் ஓட்டிச் செல்லுங்கள். எந்தச் சந்திப்பில் அவன் தயங்குகிறான், எங்கே திரும்பிப் பாராமல் செல்கிறான் என்பதைப் பின்னாலிருந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். நாளை அவன் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும்போது நீங்கள் உடன் செல்ல இயலாது. இன்று நீங்கள் காட்டிய வழிதான் அவனோடு செல்லும்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்பு நிலங்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டன. தாத்தா வாழ்ந்த லயம் எங்கே இருந்தது, பால் கொட்டகை எங்கே நின்றது என்பதை வழியில் நிறுத்திக் காட்டுங்கள். இவற்றைப் பாடநூலில் நாங்கள் கற்பிக்க இயலாது. நீங்கள்தான் கற்பிக்க வேண்டும்.

பயிற்சி

1. உங்கள் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியைப் படமாக வரைக. ஆபத்தான இடங்களைச் சிவப்பு வண்ணத்தால் குறிக்க.

2. உங்கள் வண்டிச் சக்கரத்தின் விட்டத்தை அளந்து, சுற்றளவைக் கணக்கிடுக. சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளமிட்டு, ஒரு சுற்று உருட்டி, விடை சரியா எனச் சோதிக்க.

3. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் 100 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகும்?

4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம், அவர்கள் குடும்பத்தில் முதல் மிதிவண்டியை யார், எப்போது வாங்கினார் என்று கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.

அடுத்த தவணையில் தஞ்சோங் கிளிங்குக்குச் செல்லும் வழியை மீண்டும் வகுப்பில் கேட்பேன். அன்று எல்லாக் கைகளும் உயர்ந்தே நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். வாழ்க, வளர்க!